பதினேழாம் நம்பர் வெல்டரின் ஃபிலிம்

ஷார்ஜாவில் கடலை ஒட்டிய ஒரு யார்டில் பைப் வெல்டராக இருந்த ராக்கப்பன், தான் பற்றவைத்த ஜாயின்ட்டின் எக்ஸ்ரே ஃபிலிமைப் பார்க்க ஒருநாளும் போய் நின்றதில்லை. "உள்ள என்ன இருக்குன்னு பத்தவைக்கும்போதே தெரிஞ்சிரும். ஃபிலிமு இன்ஸ்பெக்டருக்குத்தான், நமக்கில்ல" என்பார்.

அந்த யார்டில் எண்ணெய்க் கம்பெனிகளுக்குக் குழாய்களும், ஆள் இறங்கி வேலை செய்யக்கூடிய பெரிய இரும்புக் கலன்களும் செய்தார்கள். இரண்டு குழாய்கள் சேரும் இடம் ஜாயின்ட். பற்றவைத்து முடித்ததும் எக்ஸ்ரே எடுத்து, ஃபிலிமை வெளிச்சப் பெட்டியின் மேல் வைத்து இன்ஸ்பெக்டர் பார்ப்பார். கறுப்புப் புள்ளி தெரிந்தால் உள்ளே காற்று மாட்டியிருக்கிறது. கறுப்புக் கோடு தெரிந்தால் இரும்பு ஒட்டவில்லை. ஃபிலிமின் ஓரத்தில் ஜாயின்ட்டின் நம்பரும் வெல்டரின் நம்பரும் இருக்கும். ராக்கப்பனின் நம்பர் பதினேழு.

சிவகங்கை மாவட்டத்தில் காளையார்கோவிலுக்கு அருகில் பிறந்தவர். பதினாறு வயதில் காரைக்குடியில் ஜன்னல் கிரில் செய்யும் பட்டறைக்குப் போனார். 1998-ல் ஹெல்பர் விசாவில் ஷார்ஜா வந்தார். யார்டில் யாரும் யாருக்கும் சொல்லித்தருவதில்லை, நேரமும் இல்லை. ஒரு பிலிப்பினோ வெல்டருக்குக் கிரைண்டர் பிடித்துக்கொடுத்த எட்டு மாதமும், கறுப்புக் கண்ணாடித் துண்டு ஒன்றைக் கண்ணில் பிடித்தபடி, உருகிய இரும்பு எப்போது கலங்குகிறது, எப்போது தெளிகிறது என்று பார்த்துக்கொண்டே இருந்தார். குழாயைச் சாய்த்து வைத்துப் பற்றவைக்கும் பரீட்சையில் இரண்டு முறை தோற்று, மூன்றாம் முறை தேறினார்.

2004-ல் நடந்த ஒன்றை அந்த யார்டில் வெகுநாள் பேசினார்கள். தேறாது என்று தனக்கே தெரிந்த ஒரு ஜாயின்ட்டுக்குப் பதிலாக, நல்ல ஜாயின்ட் ஒன்றையே இரண்டு முறை எக்ஸ்ரே எடுக்கவைத்து, நம்பரை மட்டும் மாற்றிவிட்டார் ஒரு வெல்டர். ஃபிலிம் சுத்தமாக இருந்தது. ராக்கப்பன் அந்த ஜாயின்ட்டில் பற்றவைத்த மேல்பூச்சைப் பார்த்துச் சந்தேகப்பட்டு, ஃபோர்மேன் சீதாராமனிடம் சொல்லிவிட்டார். ஜாயின்ட்டை வெட்டிப் பார்த்தபோது உள்ளே பாதி ஒட்டவே இல்லை. அந்த வெல்டரை ஊருக்கு அனுப்பினார்கள். இரண்டு மாதம் தொழிலாளர் கேம்ப்பில் பலர் ராக்கப்பனிடம் பேசவில்லை. ஒருத்தன் பிழைப்பைக் கெடுத்துவிட்டாயே என்று கேட்டவர்களிடம் அவர் சொன்னது ஒன்றுதான்: "அந்தக் குழாய்க்குப் பக்கத்துல நாளைக்கு எவனாச்சும் நிப்பான்ல?"

இப்படிப்பட்டவருக்கும் ஒரு ரகசியம் இருந்தது.

பத்தொன்பது வயதில், பட்டறையில் குனிந்து ஓர் இரும்புப் பட்டையை எடுக்கும்போது, நெஞ்சு திடீரென்று ஓட ஆரம்பித்தது. பயத்திலோ களைப்பிலோ அடித்துக்கொள்வதுபோல் அல்ல. யாரோ ஸ்விட்சைப் போட்டதுபோல் தொடங்கி, கால் மணி நேரம் கழித்து ஸ்விட்சை அணைத்ததுபோல் நின்றது. பிறகு வருடத்துக்கு இரண்டு மூன்று தடவை வந்தது. அதற்கு அவர் வைத்திருந்த பெயர் 'ஓட்டம்'. ஷார்ஜா வந்தபின் அதற்கு ஒரு வைத்தியமும் கண்டுபிடித்தார். குடிதண்ணீர் ஜாடியில் கிடக்கும் ஐஸை ஒரு வாளியில் கொட்டி, மூச்சைப் பிடித்து முகத்தை அதில் அமுக்குவார். பாதி நேரம் ஓட்டம் நின்றுவிடும்.

இதைப் பார்த்துவிட்டவன் ஜெரிஷ் ஒருவன்தான். கன்னியாகுமரி மாவட்டத்துக் கடற்கரைக்காரன், பைப் ஃபிட்டர். ராக்கப்பனுக்குக் குழாயைப் பொருத்திக்கொடுப்பது அவன் வேலை, இருவரும் ஒரே ரூம்.

"எண்ணே, என்ன, வாளிக்குள்ள மீன் பிடிக்கேரா?" என்று அன்று கேட்டான்.

முகம் சொட்டச் சொட்ட ராக்கப்பன் விஷயத்தைச் சொன்னார். "வெளிய சொல்லிராதப்பா. அன்ஃபிட்னு எழுதிருவாங்ய."

"நான் யாருட்ட சொல்லப்போறேன்? அயிலை மீன்கிட்டயா?" என்றான் ஜெரிஷ்.

2006 தொடக்கத்தில், கலனுக்குள் இறங்கும் எல்லோருக்கும் ஈசிஜி எடுத்த மருத்துவச் சான்று வேண்டும் என்று கம்பெனி சொன்னது. நகரத்துக்குள் ரோலாவில் ஒரு கிளினிக்கை ஏற்பாடு செய்து, நாற்பது பேரை பஸ்ஸில் அனுப்பினார்கள். ரோலாவில் இறங்கும்போதே ராக்கப்பனுக்கு ஓட்டம் தொடங்கிவிட்டது. பக்கத்துக் கடையில் குளிர்ந்த தண்ணீர் பாட்டில் வாங்கித் தலையில் ஊற்றியும் நிற்கவில்லை. உள்ளே நம்பர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

ஜெரிஷ் அப்போதுதான் தன் ஈசிஜியை முடித்துவிட்டு வெளியே வந்திருந்தான்.

"லேபர் கார்டை இஞ்ச தாரும்" என்றான். "சட்டையையும் கழத்தும்."

"டேய், வேணாம்டா."

"உள்ள ஈசிஜி எடுக்கிய பொம்பள ஒருத்தனுக்க மொகத்தையும் பாக்கல்ல. கார்டுல உள்ள ஒமக்க படம் எட்டு வருசம் பழசு. அதப் பாத்தா ஒமக்க பொஞ்சாதிக்கே அடையாளம் தெரியாது."

கக்கூஸில் சட்டையை மாற்றிக்கொண்டார்கள். ஜெரிஷ் அதே கட்டிலில் இரண்டாம் முறை படுத்தான். அந்தப் பெண் குனிந்த தலை நிமிராமல் அவன் நெஞ்சில் கிளிப்புகளை ஒட்டி, காகிதத்தைக் கிழித்து, ராக்கப்பன் என்று எழுதி ஃபைலில் வைத்தாள். அதன்பிறகு ரூமில் எப்போதாவது சமையல் முறை வந்து ராக்கப்பன் தட்டிக்கழித்தால், "நெஞ்சையே வாடகைக்குத் தந்திருக்கேன், வெங்காயம் அரியமாட்டீரோ?" என்பான் ஜெரிஷ்.

ஒன்றரை வருடம் அது வெறும் வேடிக்கையாகவே இருந்தது.

2007 ஆகஸ்டில் ஒரு நாள் காலை பதினோரு மணிக்கு, கலனுக்குள் இருந்து ஏணியில் ஏறி வெளியே வந்த ராக்கப்பன், கையுறையைக் கழற்றிக்கொண்டே சரிந்து விழுந்தார். ஓட்டம் வந்ததை உணரக்கூட நேரம் இருக்கவில்லை. இரண்டு நிமிடம் போல நினைவே இல்லை. உதடு நீலமாகியிருந்தது என்று ஜெரிஷ் பின்னால் சொன்னான். தண்ணீர் ஊற்றினார்கள், விசிறினார்கள். ஆம்புலன்ஸ் வருவதற்குள் தானாகவே கண்ணைத் திறந்தார். அப்போது நாடி ஒழுங்காக இருந்தது. சேஃப்டி ஆபீசர் ரிப்போர்ட்டில் 'வெயில் மயக்கம்' என்று எழுதினார். ஆகஸ்ட் மாதத்தில் யாரும் வேறெதையும் எழுதமாட்டார்கள்.

துபாயில் ஓர் ஆஸ்பத்திரியின் இதய வார்டில் சேர்த்தார்கள். அங்கே நர்ஸாக இருந்தவர் எப்சிபா. மார்த்தாண்டம் பக்கம், நாற்பதை நெருங்கும் வயது. நோயாளியைப் பார்க்க வந்த ஜெரிஷின் பேச்சைக் கேட்டதுமே, "தம்பிக்கு எந்தக் கடப்புறம்?" என்று அவன் கடற்கரை ஊரைக் கேட்டுவிட்டார். டாக்டர் சூடான் நாட்டுக்காரர், இதயத்தின் மின்சாரத்தை மட்டும் படித்தவர். அவர் ஆங்கிலத்தில் சொன்னதை எப்சிபா தமிழில் சொன்னார்.

டாக்டர் ஈசிஜி காகிதத்தின் பின்பக்கத்தில் நான்கு அறை உள்ள ஒரு வீட்டை வரைந்தார். மேலே இரண்டு, கீழே இரண்டு. மேல் அறையில் பிறக்கும் மின்சாரம் கீழ் அறைக்கு வர ஒரே ஒரு வாசல் இருக்க வேண்டும். அந்த வாசல் ஒவ்வொரு துடிப்பையும் ஒரு கணம் நிறுத்தித்தான் உள்ளே விடும். ராக்கப்பனுக்குப் பிறவியிலேயே பக்கத்தில் இன்னொரு வயர் ஓடுகிறது. வாசல் வழியாக இறங்கிய மின்சாரம் இந்த வயர் வழியாக மேலே ஏறிச் சுற்றத் தொடங்கினால், அதுதான் அவர் சொல்லும் ஓட்டம். அது தொல்லைதான், ஆனாலும் அதனால் ஆள் சாவது அபூர்வம். மேல் அறை தாறுமாறாக நடுங்க ஆரம்பித்தால்தான் ஆபத்து. வாசல் அந்த நடுக்கத்தில் பாதியைத் தடுத்துவிடும். வலுவான வயராக இருந்தால் எல்லாவற்றையும் அப்படியே கீழே விட்டுவிடும். கீழ் அறை துடிப்பதை விட்டு நடுங்கத் தொடங்கும். பிறகு ரத்தம் ஓடாது.

"ஒங்களுக்கு இருக்கியது பலங்குறைஞ்ச வயருன்னு டாக்டர் நினைக்காரு" என்றார் எப்சிபா. "கம்பெனியில இருந்து போன வருசத்து ஈசிஜி ஃபேக்ஸ்ல வந்திருக்கு. அதுல இந்த வயரு தெரியவே இல்ல. ஒரு நேரம் தெரிஞ்சு ஒரு நேரம் தெரியாம இருந்தா, அது சரியா வேலை செய்யாத வயருன்னு அர்த்தமாம். அதனால ஆபத்து கொறவு. விழுந்தது வெயிலாலதான் இருக்கும்ங்காரு."

"அந்த வயரை எடுக்க முடியாதா சிஸ்டர்?"

தொடை ரத்தக்குழாய் வழியாகக் கம்பி விட்டு, அதன் நுனியைச் சூடாக்கி வயரைப் பொசுக்கலாம் என்றார் டாக்டர். ஆனால் ஈசிஜியைப் பார்த்தால் இந்த வயர் வாசலுக்கு மிக அருகில் ஓடுவதுபோல் இருக்கிறது. சூடு தவறி வாசலும் பொசுங்கினால், ஆயுள் முழுவதும் இதயத்தைத் துடிக்கவைக்கும் பேஸ்மேக்கர் மெஷினை நெஞ்சில் வைக்க வேண்டும். ஆபத்துக் குறைவான வயருக்காக அந்த ஆபத்தில் இறங்க வேண்டியதில்லை.

"பேஸ்மேக்கர் வெச்சா வெல்டிங் அடிக்கலாமா?" என்று கேட்டார் ராக்கப்பன்.

எப்சிபா அதை டாக்டரிடம் கேட்டார். டாக்டர் தலையை ஆட்டினார். வெல்டிங் கேபிளில் ஓடும் மின்சாரத்தை நெஞ்சின் துடிப்பு என்று நினைத்து பேஸ்மேக்கர் பேசாமல் இருந்துவிடலாம். இவர் வேலைக்கு அது ஒத்துவராது.

"அப்ப வேண்டாம்" என்றார் ராக்கப்பன். நிம்மதியாகப் படுத்துக்கொண்டார். வியாழக்கிழமை வீட்டுக்குப் போகலாம் என்றார்கள்.

ஜெரிஷ் கட்டிலின் கால்மாட்டில் நின்றிருந்தான். எப்சிபா போனதும் பக்கத்தில் வந்தான்.

"எண்ணே. அந்த ஃபேக்ஸ்ல உள்ளது எனக்க நெஞ்சு."

"தெரியும்டா."

"தெரிஞ்சுதான் பேசாம கெடக்கேரா? பலங்குறைஞ்ச வயருன்னு அவரு சொன்னது என்னத்த வச்சு? எனக்குத்தான் வயரே இல்லியே."

ராக்கப்பன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். "சொன்னா என்ன ஆகும்? பொசுக்கணும்பாரு. வாசல் போனா மெஷினு. மெஷின் வெச்சா எனக்கு வேற என்ன வேலை தெரியும்? கம்பெனிக்குத் தெரிஞ்சா ஒன்னையும் ஊருக்கு ஏத்தி விட்ருவாங்ய. பதினேழு வருசமா வருது, போகுது. போகட்டும்."

"இந்த மட்டம் போகல்ல. ஒதடு நீலமாச்சு. நான் பாத்தேன்."

"சும்மா இரு ஜெரிஷு."

ஜெரிஷ் குரலை உயர்த்தாமல் கேட்டான்: "அந்த ரெண்டாயிரத்தி நாலுல, நல்ல ஜாயின்டுக்க ஃபிலிமைக் கெட்ட ஜாயின்டுக்கு மாத்தி வச்சவன நீரு என்ன செய்தீரு?"

ராக்கப்பன் போர்வையை இழுத்துத் தோளை மூடிக்கொண்டார்.

"இது அதேதான. பதினேழாம் நம்பரு ஜாயின்டுக்கு வேற எவனுக்கோ உள்ள ஃபிலிமு. இன்ஸ்பெக்டரு பாத்து ஓகே போட்டாச்சு. வியாழக்கிழம லைன்ல பிரஷர் ஏத்தப்போறாங்க."

அவன் போய்விட்டான். பிற்பகல் முழுவதும் ராக்கப்பன் கண்ணை மூடாமல் படுத்திருந்தார். அந்த ஜாயின்ட்டை வெட்டியபோது உள்ளே பார்த்தது நினைவுக்கு வந்தது. மேலே அழகான பூச்சு, உள்ளே கறுத்த பிளவு. அன்று அந்த வெல்டர் தன்னை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வையில் கோபத்தைவிட ஆச்சரியம் அதிகமாக இருந்தது. தெரிந்துதான் மூடினேன், உனக்கென்ன என்பதுபோல. தெரிந்தே மூடுவது என்றால் என்னவென்று அவருக்கு இப்போதுதான் புரிந்தது.

மாலையில் மாத்திரை கொடுக்க வந்த எப்சிபாவிடம், "சிஸ்டர், டாக்டர்கிட்ட ஒண்ணு சொல்லணும். நீங்க திட்டக்கூடாது" என்றார்.

எப்சிபா திட்டத்தான் செய்தார். "பாவி மனுசா, சட்டைய மாத்துன மாதிரி நெஞ்சையுமா மாத்துனீங்க? ஒங்கள வியாழக்கிழமை அனுப்பிட்டு நான் நிம்மதியா ஜெபத்துக்குப் போயிருப்பேனே" என்றார். பிறகு டாக்டரைக் கூப்பிடப் போனார்.

டாக்டர் கேட்டுவிட்டு அந்த ஃபேக்ஸ் காகிதத்தை எடுத்து மடித்துத் தனியாக வைத்தார். அவர் கோபப்படவில்லை. "இந்த இதயத்தின் சொந்தக்காரரிடம் சொல்லுங்கள், அவர் நலமாக இருக்கிறார்" என்று மட்டும் சொன்னார். பிறகு, வியாழக்கிழமை வீட்டுக்குப் போவது இல்லை, செவ்வாய்க்கிழமை பரிசோதனை என்றார்.

ஃபோர்மேன் சீதாராமன் மறுநாள் பார்க்க வந்தபோது, அவரிடமும் ராக்கப்பனே சொன்னார். ஜெரிஷ் பெயரைச் சொல்லாமல் மறைக்கப் பார்த்தார், முடியவில்லை.

"ஏன்யா, நீயா?" என்றார் சீதாராமன். "வேற எவனா இருந்தாலும் இன்னிக்கே ஃபைலை மூடியிருப்பேன். முதல்ல உயிரோட வா. அப்புறம் வெச்சுக்கறேன் உங்க ரெண்டு பேரையும்."

அன்று சாயங்காலம் ஊரில் இருந்த மனைவி அருணாவுக்கு ஜெரிஷ் போன் போட்டுக் கொடுத்தான். அதுவரை காய்ச்சல் என்றுதான் அவளுக்குத் தெரியும். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "வெல்டிங்கு போனாப் போகுது. நீங்க இருங்க, அது போதும்" என்றாள்.

"அது போயிட்டா நான் எங்குட்டுப் போய் இருக்கறது?"

"எங்குட்டாச்சும். ஜன்னக் கிரில்லுக்குப் பெயின்ட் அடிங்க. ஒங்களுக்கு அது கேவலமாக்கும்?"

அவர் சிரித்தார். சிரிப்பு வந்ததில் அவருக்கே ஆச்சரியம்.

செவ்வாய்க்கிழமை பரிசோதனை லேபில் எப்சிபாவும் இருந்தார். டியூட்டியை மாற்றிக் கேட்டு வாங்கியிருந்தார். தொடையில் மரத்துப்போக ஊசி போட்டு, நூல் போன்ற கம்பிகளை உள்ளே விட்டார்கள். ராக்கப்பனுக்கு முழு நினைவு இருந்தது. டாக்டர் திரையைப் பார்த்தபடி, கம்பி வழியாக இதயத்துக்குச் சின்னச் சின்ன மின்துடிப்புகளைக் கொடுத்தார். ஒழுங்காக எட்டு, பிறகு அவசரமாக ஒன்று. ஓட்டம் தொடங்கிவிட்டது.

"வந்திருச்சு" என்றார் ராக்கப்பன்.

"தெரியுது. இப்ப நிறுத்துவாரு, பாருங்க."

இன்னும் சில துடிப்புகள் கொடுத்தார்கள். ஓட்டம் நின்றது. பதினேழு வருடமாகத் தன்னை ஆட்டிவைத்து, வாளியும் ஐஸுமாகத் தான் துரத்திய ஒன்றை, அந்த மனிதர் ஒரு பொத்தானை அழுத்தி வரவழைத்து, இன்னொரு அழுத்தில் போகவைத்தது அவருக்கு ஒரு கைவேலையைப் பார்ப்பதுபோல் இருந்தது. அடுத்து மேல் அறையை வேண்டுமென்றே நடுங்க விட்டார்கள். ராக்கப்பனுக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. சில நொடிகளில் நடுக்கம் தானே அடங்கியது. கீழ் அறை நிமிடத்துக்கு இருநூற்று எண்பதைத் தொட்டதாக எப்சிபா பின்னால் சொன்னார். வயர் பலங்குறைந்தது அல்ல, மிகப் பலமானது. அன்று யார்டில் விழுந்ததும் வெயிலால் அல்ல.

வயர் இருக்கும் இடத்தைத் தேட ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. கம்பி நுனியை மில்லிமீட்டர் மில்லிமீட்டராக நகர்த்தி, மின்சாரம் எங்கே முதலில் வந்து சேர்கிறது என்று பார்த்துப் பார்த்து ஓர் இடத்தில் நிறுத்தினார் டாக்டர். திரையை விட்டுத் திரும்பி, ராக்கப்பனின் முகத்துக்கு அருகில் குனிந்தார். நினைத்தபடிதான், வயர் வாசலுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது என்றார். பொசுக்கலாம். ஆனால் வாசல் போகாது என்று வாக்குக் கொடுக்க முடியாது. வேண்டாமென்றால் மாத்திரையோடு காலம் தள்ளலாம், அதிலும் உறுதி இல்லை. இந்த முடிவை நோயாளிதான் எடுக்க வேண்டும்.

ராக்கப்பன் எப்சிபாவைப் பார்க்காமல், டாக்டரிடமே கேட்டார். யார்டில் இன்ஸ்பெக்டர்களிடம் பத்து வருடமாகக் கேட்டுப் பழகிய ஆங்கில வார்த்தைகள் அவை.

"டாக்டர், ஹீட் அஃபெக்டட் ஸோன் எவ்வளவு?"

பற்றவைத்த இடத்தைச் சுற்றி, உருகாமலே சூட்டால் கெட்டுப்போகும் இரும்புக்கு வெல்டர்கள் சொல்லும் பெயர் அது. டாக்டர் ஒரு கணம் விழித்தார். பிறகு முகம் மாறியது.

"மூன்று மில்லிமீட்டர். சில நேரம் நான்கு."

"வாசல் தூரம்?"

"ஐந்து. அதற்கும் குறைவாக இருக்கலாம்."

ராக்கப்பன் எப்சிபா பக்கம் திரும்பினார். "சிஸ்டர், நான் சொல்றதச் சொல்லுங்க. மெல்லிசு தகடு பக்கத்துல இருந்தா நாங்க ஒரே இழுப்பா ஓட்ட மாட்டோம். கரன்ட்டைக் கொறச்சு ஒரு பொட்டு வெப்போம். நிறுத்தி, பக்கத்துல உள்ளது கலர் மாறுதான்னு பாப்போம். மாறினா கையை எடுத்துருவோம். அவரும் அப்பிடிப் பண்ணுவாரா?"

எப்சிபா சொல்லி முடிக்கும் முன்பே டாக்டர் தலையசைத்தார். அப்படித்தான் செய்வோம், வாசல் கலங்குவது திரையில் தெரிந்த அந்த நொடியே நிறுத்திவிடுவோம் என்றார்.

"அப்ப வைக்கச் சொல்லுங்க."

முதல் பொட்டில் ஒன்றும் நடக்கவில்லை. இரண்டாவதில் வாசல் கலங்கியது, ஆறாவது நொடியில் நிறுத்தினார்கள். கம்பி நுனியைக் கொஞ்சம் தள்ளி மூன்றாவது பொட்டு. பத்து நொடியில் திரையில் வயரின் அடையாளம் மறைந்தது. அரை மணி நேரம் மறுபடி மறுபடி துடிப்புக் கொடுத்துப் பார்த்தார்கள். ஓட்டம் வரவில்லை, வரவழைக்கவும் முடியவில்லை. டாக்டர் கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தபோதுதான் ராக்கப்பனின் துடிப்பு இறங்கத் தொடங்கியது. அறுபது, நாற்பத்தைந்து, முப்பத்திரண்டு. வாசல் மூடிக்கொண்டிருந்தது.

அவசரமாக ஒரு கம்பியை உள்ளேயே விட்டு, ரேடியோ அளவுள்ள பெட்டி ஒன்றில் இணைத்தார்கள். அது தற்காலிக பேஸ்மேக்கர். இனி இதயத்தைத் துடிக்கவைப்பது அந்தப் பெட்டிதான்.

வார்டில் தலைமாட்டுத் திரையில் ஒவ்வொரு துடிப்புக்கு முன்னாலும் ஒரு சின்ன நேர்க்கோடு விழுந்தது. எப்சிபா அதைக் காட்டி விளக்கினார். அந்தக் கோடு பெட்டி போடுவது. நெஞ்சு தானாகத் துடித்தால் பெட்டி பேசாமல் இருக்கும், கோடு விழாது. வாசல் செத்துவிட்டதா, சூட்டில் வீங்கியிருக்கிறதா என்று இப்போது சொல்ல முடியாது. வீக்கமென்றால் சில நாளில் திறக்கும். ஞாயிற்றுக்கிழமைவரை பார்ப்போம், அதற்குள் திறக்காவிட்டால் நிரந்தர பேஸ்மேக்கர் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

புதன், வியாழன் இரண்டு நாளும் கோடு தவறாமல் விழுந்தது. கம்பி போன காலை அசைக்கக்கூடாது. ராக்கப்பன் திரையைப் பார்த்துக்கொண்டே கிடந்தார்.

வெள்ளிக்கிழமை விடுமுறைக்கு ஜெரிஷ் வந்தான். பையில் ஆரஞ்சுப் பழம்.

"இப்ப எனக்க நெஞ்சு வேணுமா? போன மட்டத்த மாதிரி ஓசியில தரமாட்டேன்."

"ஒன் நெஞ்சால வந்த வினைதான்டா இவ்வளவும்."

"எனக்க நெஞ்சு நல்ல நெஞ்சு. டாக்டரே சர்ட்டிபிகேட் தந்தாச்சு." பழத்தை உரித்துக்கொண்டே, பார்க்காமல் கேட்டான்: "எண்ணே, சொல்லாம இருந்திருந்தா இப்ப யார்டுல நின்னுருப்பீரு. எனக்க மேல கோவமா?"

ராக்கப்பன் திரையில் விழும் கோட்டைப் பார்த்தார். "பத்தவெச்ச ஜாயின்ட்டு மேல தண்ணி ஊத்தி ஆறவெச்சா என்ன ஆகும்?"

"வெடிக்கும்."

"அதான். தானா ஆறட்டும். ஆறினப்புறம் வெடிச்சிருக்கா இல்லையான்னு பாப்போம். அதுவரைக்கும் கோவத்துக்கு நேரமில்ல." பிறகு சொன்னார்: "அன்னிக்கு இருநூத்தி எம்பதுன்னாங்க. சொல்லலைன்னா யார்டுல நின்னுருக்க மாட்டேன்டா. சவப்பொட்டியில படுத்து ஊருக்குப் போயிருப்பேன்."

சனிக்கிழமை பகல் பதினொன்றரைக்கு, துடைத்துவிட வந்த எப்சிபா துணியைக் கையில் வைத்தபடி அப்படியே நின்றார்.

"அசையாதீங்க" என்றார்.

கோடு, துடிப்பு. கோடு, துடிப்பு. பிறகு கோடு இல்லாமல் ஒரு துடிப்பு. மறுபடி கோடு. பிறகு கோடில்லாமல் இரண்டு. ராக்கப்பன் மூச்சைக்கூட மெதுவாக விட்டார். மத்தியானத்துக்குள் பெட்டி பத்துத் துடிப்புக்கு ஒரு தடவைதான் பேசியது. சாயங்காலம் டாக்டர் வந்து பெட்டியின் வேகத்தைக் குறைத்து வைத்து, ஒரு மணி நேரம் திரைக்கு முன்னாலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். ஒரு கோடுகூட விழவில்லை. ஞாயிற்றுக்கிழமை நிரந்தர மெஷினுக்குப் பதிலாக, உள்ளே இருந்த கம்பியை வெளியே எடுத்தார்கள்.

சீதாராமன் சொன்னபடி வைத்துக்கொண்டார். இருவருக்கும் எச்சரிக்கைக் கடிதம் வந்தது. கலனுக்குள் இறங்க அனுமதிக்கும் கார்டை ஆறு மாதம் முடக்கினார்கள். ராக்கப்பன் முதலில் ஒரு மாதம் வெல்டிங் கையிலெடுக்காமல் ஸ்டோரில் இருந்தார், பிறகு வெளி மேஜையில் சின்னக் குழாய்கள். யார்டில் சிலருக்கு அது கொண்டாட்டமாக இருந்தது. "பதினேழாம் நம்பரே ஃபிலிம் மாத்திருச்சுப்பா" என்று அவர் காதில் விழும்படி பேசினார்கள். அவர் மறுத்துப் பேசவில்லை. உண்மையைத்தான் சொல்கிறார்கள் என்று விட்டுவிட்டார்.

2008 மார்ச்சில் கார்டைத் திரும்பப் பெற மறுபடி ஈசிஜி எடுக்கவேண்டி வந்தது. ரோலாவில் அதே கிளினிக். ஜெரிஷும் கூட வந்தான், அவனுக்கும் எடுக்க வேண்டியிருந்தது. அதே பெண், அதே கட்டில். லேபர் கார்டை வாங்கி மேஜையில் போட்டுவிட்டு, குனிந்தபடியே படுக்கச் சொன்னாள்.

ராக்கப்பன் படுக்கவில்லை. "சிஸ்டர், கார்டையும் என் மூஞ்சியையும் ஒரு தடவ பாத்துருங்க" என்றார்.

அவள் மலையாளத்தில் ஏதோ முணுமுணுத்துவிட்டு நிமிர்ந்தாள். கார்டைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். "படத்துல முடி கூடுதல் உண்டு" என்றாள்.

"இருந்துச்சு" என்றார்.

கிளிப்புகளை ஒட்டினாள். மெஷின் ஓடி நின்றது. காகிதத்தைக் கிழித்து, மடித்து, ஃபைலில் வைக்கப் போனாள். ராக்கப்பன் சட்டைப் பொத்தானைப் போட்டபடி அங்கேயே நின்றார்.

கதவருகில் ஜெரிஷ் தலையை நீட்டினான். "வாருமண்ணே, பஸ்ஸு போயிரும். ஃபிலிமு இன்ஸ்பெக்டருக்குத்தான, ஒமக்கு என்னத்துக்கு?"

"இருடா" என்றார் ராக்கப்பன். "யார் பேரு போட்டுருக்குன்னு பாத்துட்டு வாரேன்."